நான் அடைத்த இரண்டு திறப்புகள்

தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோத் துறைமுகத்தில் நின்ற ஒரு பழைய மரப் பாய்க்கப்பலில் கூலி வேலை செய்தேன். கோடையில் அது உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஏரியைச் சுற்றி வரும். உரிமையாளர் சரிகை வைத்த கப்டன் தொப்பி போட்டிருப்பார்; ஒரு கயிற்று முடிச்சை அவிழ்க்கத் தெரியாது. நான் யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்தவன். அந்தத் தொப்பியைப் பார்த்து மனதுக்குள் சிரிப்பேன். அதைவிடக் கேவலமாக நினைத்தது, என்னோடு வேலை செய்த தமிழனைத்தான்.

அவன் வடமராட்சிக் கடற்கரைக்காரன். எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலம் தெரியாது, உரிமையாளருக்கும் அவனுக்கும் நடுவில் நான்தான் வாய். அவன் தன் சோற்றுப் பெட்டியை என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தால், நான் என்னுடையதை நகர்த்தி வைப்பேன். ஊரிலிருக்கும் மனைவியை ஸ்பொன்சர் செய்து கனடாவுக்கு எடுக்க, உரிமையாளரிடமிருந்து ஒரு வேலைக் கடிதம் வேண்டும் என்பதே அவனுடைய ஓயாத பேச்சு.

ஒக்டோபர் கடைசியில் கப்பலைக் குளிருக்கு ஆயத்தம் செய்தோம். பாய்களை இறக்கி, உலர்த்தி, மடித்தோம். குழாய்த் தண்ணீரை வடித்துவிட்டு உறையாத திரவத்தை ஊற்றினோம். கடைசியாக மேல்தளத்துக்கு மேலே மரச்சட்டம் அடித்துத் தடித்த பிளாஸ்டிக்கால் போர்த்தினோம். முன்னாலும் பின்னாலும் அவன் ஒவ்வொரு திறப்பு விட்டான்.

"உதென்ன ஓட்டை? ஸ்னோ உள்ளுக்கு வராதோ?"

"மரம் மூச்சு விடவேணும் அண்ணை. இறுக்கி மூடினா உள்ளுக்கு வேர்த்து உக்கிப்போகும்."

"உம்மட கடல் கதையை இஞ்சை கொண்டுவராதையும்."

"இது எங்கை கடல் அண்ணை, குளமெல்லோ!" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. அவன் போன பிறகு இரண்டு திறப்புகளையும் டேப் போட்டு அடைத்தேன். பார்க்டேலில் எங்கள் வாடகை வீட்டு யன்னல்களைக் குளிருக்கு அடைப்பதுபோலவே, விளிம்பு விளிம்பாக அழுத்தி ஒட்டினேன். உள்ளே அகப்பட்ட ஈரம் எங்கே போகும் என்று பௌதிக ஆசிரியனுக்குத் தோன்றவில்லை.

ஏப்ரலில் போர்வையைப் பிரித்தபோது உள்ளே எங்கும் கறுப்புப் பூஞ்சணம். வார்னிஷ் தோலாக உரிந்து கிடந்தது. சில பலகைகள் விரல் வைத்தால் அமிழ்ந்தன. திறப்புகளை அடைத்தது யார் என்று உரிமையாளர் கத்தினார். நான் அவனிடம் கேட்டேன்.

"நான் ரெண்டு பக்கமும் திறந்துதான் விட்டனான். ஆர் மூடினதெண்டு தெரியாது."

தானே அடைத்ததாகச் சொல்கிறான் என்று உரிமையாளரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்.

திங்கட்கிழமை வரவேண்டாம் என்றார் அவர். அதை மட்டும் ஒரு சொல் பிசகாமல் அவனுக்குச் சொன்னேன்.

அவன் சண்டை பிடிக்கவில்லை. "பரவாயில்லை அண்ணை. அந்தக் கடிதத்தை மட்டும் தரச்சொல்லி ஒருக்கால் கேளுங்கோ" என்றான்.

கேட்டால் பேச்சு நீளும். நீண்டால் நான் அகப்பட்டுவிடுவேன். "உங்களுக்கு நன்றி சொல்கிறான்" என்றேன். தொப்பிக்காரர் இளகிப்போய் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். கடிதம் தர ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நினைத்து அவன் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தான்.

அந்தக் கோடை முழுவதும் எனக்குத் தொலைபேசி எடுத்தான். "கடிதம் எப்ப வரும் அண்ணை? கரைச்சல் தாறன் எண்டு நினையாதேங்கோ."

"வரும், பொறும்" என்றேன், ஒவ்வொரு முறையும்.