கறுப்புத் திரை

மீனவர் சங்க அலுவலகத்துப் பழைய ‘சன்’ நிறுவனக் கணினியின் விசிறி வலையில் படிந்த உப்பை மெற்றில்டா பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொழும்புத் தலைமை அலுவலகம் கழித்துவிட்ட அந்தப் பெட்டியில் நெற்பிஎஸ்டி என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, மூன்று வருடமாக ஊர்காவற்றுறைப் படகுகளை அவளே பதிந்துவந்தாள். பதிவு போனால் நூற்றுநாற்பது பேருக்குக் கடலுக்குப் போகும் அனுமதிப் பாஸ் இல்லை.

பழுதான கணினிகளைக் கழிக்கச் சோதித்துவந்த அரசாங்க அதிகாரி, கறுப்புத் திரையில் வெறும் வெள்ளை எழுத்துகளைக் கண்டு பெட்டியில் "பழுது" என்ற சீட்டை ஒட்டினார்.

"விண்டோஸ் வரேல்லையே, தங்கச்சி. நாளைக்கு லொறி வந்து இதை ஏத்திக்கொண்டு போகும்."

"வேலை செய்யுது, சேர். ஒரு படகின்ர இலக்கம் சொல்லுங்கோ, எடுத்துக் காட்டுறன்."

"இந்த எழுத்தெல்லாம் எனக்கு விளங்காது."

"விளங்காதது உங்களுக்கு. சீட்டு ஒட்டினது இதிலை. இடம் மாறிப்போச்சுதோ, சேர்?"

அவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.