ஞாயிறு ஆட்டமும் வராமல்போன ஜெபமும்

கஞ்சி போட்ட சட்டையின் மேல் கரி போட்ட இஸ்திரிப்பெட்டி ஓடும்போது ஒரு வாசனை வருமே... எனக்குச் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் அதுதான்.

ஐம்பதுகளின் கடைசி. எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் கல்யாணமாகி ஒரு வருடம். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், கடைவீட்டு மாடியில் ஒரே அறை. கீழே மிளகாய் அரைக்கும் நெடி மேலே ஏறிவந்து இருவரும் தும்முவோம். தும்மிக்கொண்டே மறுநாள் ஆராதனைக்கு என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துவைப்பாள்.

சர்ச் பத்து நிமிட நடை. நான் பாடகர் குழுவில் இருந்தேன். தினமும் சாப்பாட்டுக்கு முன் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசித்து ஜெபம் பண்ணுவோம். அதற்குள் சோறு ஆறிவிடும். யாரும் கவலைப்பட்டதில்லை.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க் வேலை. பக்கத்து மேசை கோவிந்தன், கிழக்கே கடலோரத்தில் இருக்கும் காத்தோங்காரன். அவன் வீட்டுக்குப் பின்னால் நாலைந்து பேர் சேர்ந்து பேட்மிண்டன் கோர்ட் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்.

முதலில் ஆராதனை முடிந்துதான் போவேன். வெயில் ஏறிவிடுகிறது என்று பிறகு கடைசி பெஞ்சில் உட்கார ஆரம்பித்தேன்... பிரசங்கம் முடிவதற்குள் நழுவிவிடலாமே. பாடகர் குழுவுக்கு ஒத்திகை நேரம் சரிப்படவில்லை என்று சொல்லி நின்றுவிட்டேன். ஒரு போட்டி வந்தது, ஒரு ஞாயிறு போகவில்லை. அப்புறம் போட்டி இல்லாத ஞாயிறும் போகவில்லை.

வீட்டு ஜெபமும் அப்படித்தான். சங்கீதம் பாதியானது. பிறகு வெறும் ஜெபம். பிறகு "நீயே பண்ணிடு ஸ்டெல்லா" என்று தட்டை இழுத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை, அதுதான் விஷயம். குடிக்கவில்லை, பொய் சொல்லவில்லை. கேட்டால் நல்ல கிறிஸ்தவன் என்றுதான் சொல்லியிருப்பேன். இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது.

ஒருநாள் கோவிந்தன் வேலைக்கு வரவில்லை. அவனுடைய நாலு வயதுப் பெண்ணுக்கு டைபாய்டு காய்ச்சல் என்றார்கள். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் பிள்ளை வாடிய கீரைபோலக் கிடந்தது. உதடெல்லாம் வெடித்திருந்தது. கோவிந்தன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஜோசப், நாங்க கும்பிடாத சாமி இல்ல. நீ வேதக்காரன். ஒங்க சாமிக்கிட்ட ஒரு ஜெபம் பண்ணேன்."

கட்டில் கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடினேன்.

ஒன்றும் வரவில்லை.

எத்தனை வருடம் சத்தமாக ஜெபம் பண்ணின வாய்... "ஆண்டவரே" என்றேன். மறுபடியும் "ஆண்டவரே" என்றேன். மனதுக்குள் வந்தது போன ஞாயிற்றுக்கிழமை ஸ்கோர். முன்பின் தெரியாத வீட்டு வாசலில் போய் உதவி கேட்டு நிற்கிறவன் மாதிரி இருந்தது. அவசரமாக ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன். கோவிந்தன் கும்பிட்டபடி அழுதுகொண்டிருந்தான். "ரொம்ப நன்றிப்பா" என்றான்.

அந்த நன்றியைத்தான் தாங்க முடியவில்லை.

பஸ் ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன். ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"நீங்க பாட்டுக் குழுவ விட்டப்பவே எனக்குத் தெரியும்ங்க" என்றாள். "சொன்னா சண்டை வரும்னு சும்மா இருந்துட்டேன். அது எந் தப்புதான்."

"இப்ப என்ன செய்றது?"

"அந்தப் புள்ளைக்காக இப்ப ஜெபிப்போம். மத்தத அப்புறம் பாக்கலாம்."

முழங்காலில் நின்றோம். எனக்கு வார்த்தை திக்கித் திக்கித்தான் வந்தது. ஆனாலும் வந்தது. அழுகையும் வந்தது.

அந்த ஞாயிறு சர்ச்சுக்குப் போனேன். யாரும் எங்கே போனாய் என்று கேட்கவில்லை. கடைசி பெஞ்சில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டு, பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். அவ்வளவுதான்.

பிள்ளை மூன்று வாரத்தில் தேறி வீட்டுக்கு வந்தது. ஆட்டத்தைச் சனிக்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றலாமா என்று கோவிந்தனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"இத மொதல்லயே கேட்டிருக்கலாமே லா" என்று சிரித்தான். "எங்களுக்கு எந்த நாளா இருந்தா என்ன?"

ஒன்றரை வருடமாக என்னை யாருமே சர்ச்சிலிருந்து பிடித்து இழுக்கவில்லை, நானாகத்தான் நழுவிப்போனேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

அதற்குப் பிறகு ஸ்டெல்லாவும் நானும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். வாரம் ஒருமுறை அவள் என்னைக் கேட்பாள், "உள்ளுக்குள்ள எப்படி இருக்கீங்க?" நானும் அவளைக் கேட்பேன். உண்மையைச் சொல்ல வேண்டும். கேட்டதற்குக் கோபப்படக் கூடாது.

இப்போது புக்கிட் பாஞ்சாங்கில் பன்னிரண்டாம் மாடி. எம்ஆர்டி ரயிலில் ஏறினால் சர்ச் வந்துவிடுகிறது. முழங்கால் வலித்தால் மகன் லிங்க் அனுப்புகிறான், படுத்துக்கொண்டே ஆராதனை பார்க்கலாம். எல்லாம் வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு நான் விலகிப்போகக் காத்தோங் வரைக்குமாவது பஸ் ஏற வேண்டியிருந்தது... இன்றைக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட வேண்டாம்.

நேற்று ஸ்டெல்லா கேட்டாள். "இந்த வாரம் கொஞ்சம் வறட்சிதான்" என்றேன்.

"எனக்கும்தாங்க" என்றாள்.

டிவியை அணைத்துவிட்டு இருவரும் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம்.