பாய்லர்காரரின் சத்தியம்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு நீராவி தரும் கொதிகலன் அவர் பொறுப்பில் இருந்தது. அதனால் தெருவுக்கே அவர் பாய்லர்காரர். இப்போது அவர் இல்லை. கொதிகலன் ஓடிக்கொண்டிருக்கிறது.

வேலைக்கு வந்ததும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் பார்ப்பார். பிறகு, மிஞ்சிய ஆவியை வெளியே விடும் பாதுகாப்பு வால்வின் கைப்பிடியைத் தூக்கி, ஆவி சீறுவதைக் காதால் கேட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சு. வால்வு இறுகிப்போன கொதிகலனை நம்பி யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பார். வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் அந்த ஞாபகம் அவருக்கு வந்ததில்லை.

வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே வாக்கியம்தான்: "அல்லா பாத்துட்டிருக்கான்." குழாய் சொட்டினாலும் அதுதான், பிள்ளைகள் பாடத்தை மூடிவைத்துத் தூங்கினாலும் அதுதான். மனைவி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"பாக்குறவன் மன்னிக்கவும் செய்வான்ல? நீங்க ஏன் எப்பவும் பாதியிலயே நிறுத்துறீங்க?"

"மீதியச் சொல்லத்தான் உன் தம்பி இருக்கானே."

தம்பி தையல்காரர். வாங்கிய துணியைச் சொன்ன நாளில் தைத்துக் கொடுத்ததில்லை. தொழுகையும் அப்படித்தான். கேட்டால் சிரிப்பார்: "அவன் ரஹ்மான், கருணைக்காரன், மச்சான். என்ன மாதிரி ஆளுங்களுக்காகத்தானே அந்தப் பேரு!"

"அவன் ரஹ்மான்தான். கடை வாசல்ல சட்டைக்கு நிக்கிறவன் ரஹ்மான் இல்லடா. முதல்ல அதத் தைச்சுக் குடு."

பயம் இவர் பங்கு, நம்பிக்கை அவர் பங்கு என்று பாகப்பிரிவினை செய்துகொண்டவர்களைப்போல இருவரும் காலத்தை ஓட்டினார்கள்.

மூத்த மகன் பஸ் மெக்கானிக். குடிக்கக் கற்றுக்கொண்டிருந்தான். தாய் காய்ச்சலில் கிடந்த ஒரு சாயங்காலம் மருந்து வாங்கப் போனவன், மருந்தில்லாமல் தள்ளாடிக்கொண்டு வந்து சேர்ந்தான். பாய்லர்காரர் வாசலை மறித்தார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டார் படியில் வந்து நின்றார்கள். அவருக்கு முகமெல்லாம் எரிந்தது.

"அல்லாமேல ஆணையாச் சொல்றேன், உன்ன அவன் மன்னிக்கவே மாட்டான்!"

மகன் வந்த வழியே திரும்பிப் போனான். அதன்பிறகு வீட்டுக்கும் வரவில்லை, பள்ளிவாசலுக்கும் வரவில்லை. குடியை விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டு, இன்ஜினியரான தங்கை அவன் பணிமனைக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். "தீர்ப்புதான் வந்தாச்சே, இனி எதுக்கு மனு?" என்றானாம். அவள் அப்படியே வந்து சொன்னாள்.

"திமிரப் பாரு," என்றார் பாய்லர்காரர்.

ஓய்வுபெற்ற பின்பு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் இமாம் இறைவனின் பண்புகளைப் பற்றிப் பேசினார். தண்டிப்பதும் அவன் சொன்னது, மன்னிப்பதும் அவன் சொன்னது; ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விடாதீர்கள் என்றார். "அவன் யாரைப்போலவும் இல்லை. உங்க கோபத்தை எடுத்து அவனுக்கு மாட்டிவிடாதீங்க. இன்னாருக்கு மன்னிப்பே கிடையாதுன்னு அவன் பேர்ல சத்தியம் பண்ண நீங்க யாரு?"

தொழுகை முடிந்து வரிசை கலைந்தது. தையல்கார மச்சான் வந்து பாய்லர்காரரின் தோளைத் தொட்டார்.

"வரலையா?"

"நீ போ."

எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் தூணைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகளிடம், "வண்டிய எடு. அண்ணன்கிட்டப் போகணும்," என்றார்.

பணிமனையில் மகன் ஒரு பஸ்ஸுக்கு அடியில் இருந்தான். வெளியே தெரிந்தது கால்கள் மட்டும். பாய்லர்காரர் முட்டியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கால்களுக்கு அருகில் குந்தினார். முகம் தெரியாதது அவருக்குச் சௌகரியமாக இருந்தது.

"நான்தான்டா."

ஸ்பானர் சத்தம் நின்றது. "என்ன வாப்பா, மேலேருந்து புதுசா எதும் உத்தரவா?"

"எனக்குத் தெரியாதத அவன்மேல ஆணையிட்டுச் சொல்லிட்டேன். அது என் பாவம்."

ஸ்பானரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப மன்னிப்பானா?"

'மன்னிப்பான், ஆணையாச் சொல்றேன்' என்று நாக்குநுனிவரை வந்துவிட்டது. மகனை வெளியே கொண்டுவர அந்த ஒரு சொல் போதும். ஆனால் அதுவும் அவன் பேரில் தான் எழுதுகிற தீர்ப்புத்தானே? விழுங்கிக்கொண்டார்.

"மனசு திரும்பிக் கேட்டா மன்னிக்கிறேன்னு அவனே சொல்லியிருக்கான். அவன் சொல்லு தவறாது. கேளு. நானும் கேக்கணும். எனக்குப் பயமாவும் இருக்கு, நம்பிக்கையாவும் இருக்கு. ரெண்டையும் சேத்து வச்சுக்க இப்பத்தான்டா பழகுறேன்."

"சரி, அது அவன் விஷயம்." பஸ்ஸுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "நீங்க மன்னிச்சீங்களா?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

"இல்ல," என்றார். "அன்னைக்கு மன்னிக்க மாட்டேன்னது நான்தான். தெருவே பாக்குதுன்னு எனக்கு வெக்கம். அவன் பேரப் போட்டுச் சொல்லிட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இப்ப மன்னிச்சுட்டேன். இது நான் சொல்றது. நீயும் என்ன மன்னிச்சிரு."

கால்கள் அசைந்தன. மகன் சறுக்கிக்கொண்டு வெளியே வந்தான். இரண்டு கையிலும் முழங்கைவரை கிரீஸ். எழுந்து உட்கார்ந்து தகப்பனைப் பார்த்தான். தகப்பன் தரையைப் பார்த்தார்.

"உம்மா எப்படி இருக்காங்க?"

"வா, நீயே கேளு."

சாயங்கால அஸர் தொழுகை நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது; அதற்குமுன் கைகால் முகம் கழுவி ஒளூ செய்ய வேண்டும். "இந்தக் கையோட ஒளூ கூடாதே," என்றான் மகன், பாதி தனக்குள். "கிரீஸ் இருந்தா தண்ணி தோல்ல படாது."

பாய்லர்காரர் எழுந்துபோய்க் குழாயடியிலிருந்து சோப்புத்தூளும் மரத்தூளும் எடுத்துவந்தார். மகனின் கையை மடியில் வைத்துக்கொண்டு தேய்த்தார். பிறகு கிடந்த கம்பியொன்றால் ஒவ்வொரு நகக்கண்ணாகக் கிளறத் தொடங்கினார்.

"போதும் வாப்பா. அது போகாது."

"இன்னும் இருக்கு," என்றார், தலையைத் தூக்காமல்.