கரை முழுக்கக் கேட்ட குறை

மூன்று வருடங்களுக்கு முன், மரக்காணம் கடற்கரையில் எங்கள் குப்பத்தில் நடந்தது இது. என் மாமியார் கரையில் மீன் ஏலம் விடுபவர். கழுத்தில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவருக்குக் குரல் எழும்பவில்லை, வெறும் காற்றுதான் வந்தது.

ஏலத்தில் விலையை எல்லார் காதிலும் விழும்படி கூவ வேண்டும். இவர் சொல்வதோ முன்னால் நிற்பவருக்கு மட்டும்தான் கேட்டது. பின்னால் நிற்கும் வியாபாரிகளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வேண்டியவர்களுக்குக் குறைத்துக் கொடுக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. கரையில் இருந்த பேட்டரி ஸ்பீக்கரும் உதவவில்லை. மைக்கை வாயில் ஒட்டி வைத்தாலும் அந்த மூச்சு அதற்குப் போதவில்லை. அமாவாசைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். மைக்கிலிருந்து வரும் சன்னமான சத்தத்தை, ஸ்பீக்கருக்குப் போகும் முன்பே பெரிதாக்கித் தரும் ப்ரீஆம்ப் ஒன்றை நாமே செய்தால் என்ன என்று தோன்றியது. வீட்டில் கெட்டுக் கிடந்த டேப்ரிக்கார்டரைப் பிரித்து டிரான்சிஸ்டர்களை எடுத்தேன். மைக், பழைய லேண்ட்லைன் போனிலிருந்து. உப்புக்காற்றில் எல்லாம் பச்சை பூத்திருந்ததால் சுரண்டிச் சுரண்டித்தான் ஈயம் ஒட்டியது. முதலில் ஸ்பீக்கர் கொர்ரென்று இரைந்தது. பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து எர்த் கொடுத்த பிறகு அடங்கியது.

சரிவராவிட்டால் ஏமாந்துபோவாரே என்று மாமியாரிடம் முதலில் சொல்லவில்லை. அதுவே வினையாகிவிட்டது. டேப்ரிக்கார்டரும் மைக்குமாக மருமகள் கதவைச் சாத்திக்கொண்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? நான் அடுப்படிக்குள் நுழைந்தால் பேச்சை நிறுத்தினார். என் செல்போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு விளக்கிச் சொல்லி, "பேசிப் பாருங்க அத்தை" என்று மைக்கை நீட்டினால் வாயை இறுக மூடிக்கொண்டார். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. அவர் குரலில் ஒருமுறைகூடச் சோதிக்காமலேயே கரைக்குப் போனோம்.

பெரியவர்கள் சொன்னதால் வேண்டாவெறுப்பாக மைக்கைச் சேலையில் குத்திக்கொண்டார். நான் போய் ஸ்பீக்கரை ஆன் செய்தேன். குரல் போனதிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம். யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் எங்கேயும் எதையும் சொல்லிவிடுவார். அன்றும் பக்கத்தில் நின்றவளிடம் திரும்பினார்.

"இவள நம்பாதடி. நான் வூட்ல பேசுறதெல்லாம் புடிச்சி, என் புள்ளைக்குப் போட்டுக் காட்டத்தான் இந்தப் பொட்டி!"

கரை முழுக்கக் கேட்டது. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கடைசியில் நின்ற வியாபாரி ஒருத்தி, "அக்கா, இங்க வரைக்கும் நல்லா கேக்குது, ஏலத்த ஆரம்பி!" என்று கத்தினாள்.

மாமியார் ஸ்பீக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "ஏண்டி, இதுக்கா?" என்றார். அதுவும் கரை முழுக்கக் கேட்டது. நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும், ஆனால் அழுதுவிட்டேன். அவர் திரும்பி நெத்திலிக் கூடைக்கு விலை சொன்னார். பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

இன்றும் அவர்தான் ஏலம் விடுகிறார். தன் பேச்சு யார் காதிலும் விழாதவருக்கு, ஊரே தன்னைப் பற்றி ரகசியம் பேசுவதாகத்தான் தோன்றும் என்று அன்று புரிந்ததால், இப்போதெல்லாம் யாராவது என்னைச் சந்தேகமாகப் பார்த்தால், அந்த ஆள் சொன்ன எதையாவது நான் கேட்காமல் விட்டுவிட்டேனா என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.