இணைச்சீருக்கு யார் நிற்பது?

எங்கள் ஊர்ப்பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் அக்காளோ தங்கையோ மணவறைக்கு வந்து அவன் பக்கத்தில் இருப்பாள். கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை அவளிடம். எனக்கு இருப்பது ஒரே அக்கா, சாரதாமணி. 1972இல் எனக்குப் பெண் பேசி முடித்த அன்றைக்கே, அவள் அந்தச் சீருக்கு நிற்கக் கூடாது என்று சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

காரணம் இதுதான். அக்காவைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தது. அத்தானும் அவளும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை செய்தார்கள். தைத்து வருகிற பனியனில் ஓட்டை, விட்ட தையல் இருக்கிறதா என்று பார்க்கிற செக்கிங் வேலை அக்காவுக்கு. ஒருநாள் பக்கத்து அறையில் குவித்திருந்த வேஸ்ட் துணியில் தீப்பிடித்தது. எல்லோரும் தப்பித்துவிட்டார்கள், அக்காவுக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் அதற்கப்புறம் கூட்டத்தையோ சத்தத்தையோ கண்டால் போதும், நெஞ்சு படபடவென்று அடிக்கும், மூச்சு முட்டும், கை சில்லிட்டுப் போகும். செத்துப்போகப் போகிறோம் என்றே நினைப்பாளாம்.

டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று டானிக் எழுதிக்கொடுத்தார். தாயத்துக் கட்டினோம், மந்திரித்தோம். எதுவும் கேட்கவில்லை. அவிநாசிபாளையத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் மேளம் உச்சத்துக்குப் போனபோது, அக்கா பந்தலை விட்டு ஓடி வண்டி மாடுகளுக்கு நடுவே மயங்கி விழுந்தாள். அவ்வளவுதான், வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. காத்துக் கருப்பு என்றார்கள். பைத்தியம் என்றும் ஒருத்தி சொன்னாள். அவள் பெயரைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது.

இந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் மயிலாள் என்கிற பெண் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிளாஸ்டிக் வயரில் கூடை பின்னுவதை அக்கா பார்த்திருக்கிறாள். அப்போது ஊரெல்லாம் வயர்க்கூடைதான். கேட்டுக் கற்றுக்கொள்ளாமல் இவள் என்ன செய்தாள் தெரியுமா? கடையில் ஒரு புதுக் கூடையை வாங்கிவந்து, முழுசாக அவிழ்த்துப் போட்டுவிட்டாள்.

"காசு குடுத்து வாங்குன கூடைய அவுக்கறயே, உனக்கென்ன கிறுக்கா?" என்று கத்தினேன்.

"அவுத்தாத்தானே எப்படி முடிஞ்சிருக்குதுன்னு தெரியும். நீ போய் உன்ற சோலியப் பாரு" என்றாள்.

மறுபடி பின்னினாள். முதல் கூடை ஒருபக்கம் வாயைக் கோணிக்கொண்டு நின்றது. அத்தான் நாச்சிமுத்து சிரித்துவிட்டு, "இதுல தக்காளி வெச்சா அதுவே எறங்கி நடந்து போயிருமே" என்றார். அக்கா சட்டை பண்ணவில்லை. அதையும் அவிழ்த்தாள். விரல் முடிச்சில் இருக்கிற நேரம் நெஞ்சு தன் பாட்டுக்கு அடங்குகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வயரை இழுத்து இறுக்கும்போது கண் அதில்தான் இருக்க வேண்டும், புத்தியும் அதில்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முடிச்சு பிசகிவிடும்.

என் கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன். அப்பா அம்மா போன பிறகு எங்களுக்கு எல்லாம் பெரியம்மா வேலாத்தாள்தான். குண்டடத்தில் அவர் வீட்டு வாசலில் வைத்து, "சாரதா நல்ல புள்ளதான். ஆனா மணவறைல உளுந்து வெச்சா அபசகுனமாப் போயிரும் சாமி. என்ற மவ மருதம்மா நிக்கட்டும். அவளும் உனக்கு அக்காதானே?" என்றார்.

"என்ற அக்கா நிக்கலீன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாமுங்க" என்று எழுந்துவிட்டேன்.

அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "நீ எதுக்குடா குதிக்கறே? பெரீம்மா, நாந்தானுங்க நிப்பேன்" என்றாள். குரல் நடுங்கியது. சொன்ன சொல் நடுங்கவில்லை.

அன்றிலிருந்து அவள் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உட்கார்ந்து பின்னினாள். சந்தையில் பின்னினாள். கூப்பிட்ட கல்யாணம் எல்லாவற்றுக்கும் போய், மேளக்காரருக்குப் பக்கத்திலேயே இடம்பிடித்துப் பின்னினாள். முதல் தடவை பாதியில் எழுந்து வந்தாள். வெளியே நின்று அழுதுவிட்டு மறுபடி உள்ளே போனாள். "மேளக்காரன் பொண்டாட்டியாட்ட ஒக்காந்திருக்கறா பாரு" என்று கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கல்யாணத்தன்று மணவறைக்கு வரும்போதும் கையில் கூடை. பெரியம்மா பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டார். "மணவறைல பிளாஸ்டிக்கு என்னத்துக்கு?" என்றார். அதுவும் நியாயம்தான். ஆனால் இனி அக்கா கை வெறுங்கை.

சீர் தொடங்கியது. சடங்கு நடத்துகிற அருமைக்காரர் கூறைச்சேலையை எங்கள் இருவருக்கும் நடுவே நீட்டிக் கொடுத்தார். மேளம் கூடியது. அக்கா முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்துவிட்டது, நெற்றியில் வேர்வை ஓடுகிறது. சுற்றி இருந்தவர்கள் எல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் எப்போது விழுவாள் என்று பார்க்கிற கூட்டம்! எனக்கு அவர்களை அறையலாம் போல இருந்தது.

"அக்கா, எறங்கிக்கறயா?" என்றேன் மெதுவாக.

"வாய மூடிட்டு நேராப் பாரு."

குனிந்து பார்த்தேன். தறியிலிருந்து புதிதாக வந்த சேலை, முந்தியில் குஞ்சம் கட்டாமல் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் விரல்கள் அந்த நூலை நாலு நாலாகப் பிரித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. ஒன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அருமைக்காரர் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு சீரைத் தொடர்ந்தார். கடைசிவரை அக்கா இடத்தை விட்டு நகரவில்லை.

முடிந்ததும் பெரியம்மா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார். பொல்லாதவர் இல்லை, பயந்தவர். கண்ணீரோடு, "எம்பட கண்ணு! உன்ற பயமெல்லாம் போயிருச்சு பாரு" என்றார்.

அக்கா இல்லை என்று தலையாட்டினாள்.

"போகலீங்க பெரீம்மா. இப்பவும் நெஞ்சு அடிச்சுட்டுத்தானுங்க இருக்குது, கைய வெச்சுப் பாருங்க. அது வந்தா வந்துட்டுப் போகட்டுமுங்க. அதுக்காக நான் எதுக்குங்க ஓடோணும்?"