வேன் சமையலறைக்கு ஒரு பம்ப்

என் மனைவி இறந்தபோது எங்கள் வேனில் ஒரு வேலைதான் மிச்சமிருந்தது. படுக்கை பொருத்தியாகிவிட்டது. அடுப்பு மேடை, சன்னல் வலை, கூரைமேல் சூரிய மின்தகடு எல்லாம் முடிந்திருந்தன. அவளே கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்த ஆழமான எவர்சில்வர் சிங்க் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதன்மேல் ஒரு குழாய், கீழே தண்ணீர்த் தொட்டி. தொட்டியிலிருந்து தண்ணீரைக் குழாய்க்கு ஏற்றும் பம்ப் மட்டும் இல்லை.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். அவள் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவள். ஓய்வுக்குப் பிறகு பழைய சரக்கு வேன் ஒன்றை வாங்கி, அதிலேயே சமைத்து அதிலேயே உறங்கி ஊர் சுற்றுவது என்று இருவரும் முடிவு செய்திருந்தோம். அவள் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று.

"வாளியில மொண்டு மொண்டு ஊத்திப் பாத்திரம் கழுவ என்னால ஆகாது. குழாயத் திறந்தா தண்ணி வரணும். இல்லேன்னா நீங்க மட்டும் போய்ட்டு வாங்க."

அவள் மறைந்து சில மாதங்கள் கழித்து மகள் மெல்லப் பேச்செடுத்தாள். திருமங்கலம் பக்கம் கறிக்கோழி வியாபாரம் செய்யும் ஒருவர் வேனைக் கேட்கிறாராம். உள்ளே இருப்பதையெல்லாம் பெயர்த்தெடுத்துவிட்டுக் கோழிக் கூண்டுகளை அடுக்கிக்கொள்வாராம்.

"வாசல்ல வெயில்ல நின்னு வீணாப் போகுதுப்பா. நீங்க தனியா எங்க போகப் போறீங்க?"

அவள் கேட்டதில் தவறில்லை. பம்ப் ஒன்றை மாட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். குழாயில் தண்ணீர் வந்து, வருவது நிலைத்தால் புறப்படுவது; இல்லையென்றால் விற்றுவிடுவது. எனக்குள் அப்படித் தீர்மானித்துக்கொண்டேன். அறிவியல் படித்தவன் எடுக்கக்கூடிய முடிவல்ல அது.

தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் பம்ப் கடை இருந்தது. உரிமையாளரான பாய் முதலில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒன்றை எடுத்து வைத்தார். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தே ஓடுவது அது. தொட்டி வற்றியது தெரியாமல் ஓடவிட்டால் கருகிப்போகும். அடுத்தது வயலில் மருந்தடிக்கும் கருவியின் பம்ப். நன்றாக உழைக்கும், ஆனால் குடிதண்ணீருக்கென்று செய்ததல்ல; முகர்ந்தபோதே ரப்பர் நாற்றம் அடித்தது. மூன்றாவது கனமாக இருந்தது. படகுகளுக்கும் இத்தகைய வண்டிகளுக்குமாகச் செய்யப்பட்டு, வண்டி பேட்டரியில் ஓடுவது. குழாயைத் திறந்தால் தானே ஓடும். மூடினால் தானே நிற்கும்.

"இதைக் கழற்ற முடியுமா?" என்றேன்.

"புதுசு சார். எதுக்குக் கழட்டணும்?"

"உள்ளே பார்க்கணும். வால்வு போனா தனியா கிடைக்குமா? வெறும் தொட்டியில ஓடினா தாங்குமா? மண் வந்தா எங்கே தடுக்கும்?"

பாய் பக்கத்து ஸ்டூலில் இருந்த தம் நண்பரைப் பார்த்தார். "மாப்ள, பொண்ணு பாக்க வந்தவங்ககூட இம்புட்டுக் கேள்வி கேக்க மாட்டாங்கடா."

"பொண்ணு வீட்டுல காபியாச்சும் குடுப்பாங்க. நீ சாருக்கு ஒரு டீ சொன்னியா?"

தேநீர் வந்தது, திருப்புளியும் வந்தது. மூடியைக் கழற்றி அவர் பம்ப்பை என் கையில் வைத்தார். உள்ளே சின்னஞ்சிறு அறைகள். அவற்றை ஒருசேரப் போர்த்தியபடி ஒரு ரப்பர் சவ்வு. மோட்டார் சுழலும்போது சவ்வு ஒவ்வோர் அறையிலும் பின்வாங்கித் தண்ணீரை உள்ளே இழுக்கும். முன்வந்து வெளியே தள்ளும். போன தண்ணீர் திரும்பிவிடாமல் தடுக்க நகத்தளவு ரப்பர் இதழ்கள். அவ்வளவுதான். அழுத்தத்தைப் பற்றிக் கரும்பலகை கரும்பலகையாகச் சமன்பாடுகள் எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒன்று இப்படி என் உள்ளங்கையில் வந்து படுத்ததில்லை. சவ்வை விரலால் அழுத்தினேன், மீண்டது. மறுபடி அழுத்தினேன், மறுபடியும் மீண்டது. இப்படி ஓய்வின்றி மீண்டுகொண்டே இருப்பதற்கென்று ஒருவர் இதை எண்ணி வடித்திருக்கிறார் என்பது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது. அதையே வாங்கினேன்.

மதுரையில் எங்கள் பகுதியின் வீடுகளில் தண்ணீர் இரண்டு வகை. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவது உப்புத் தண்ணீர். அது துவைக்கவும் குளிக்கவும். முறை வைத்துக் குடிநீர்க் குழாயில் வருவது நல்ல தண்ணீர். அது குடத்துக்கும் உலைக்கும் மட்டும். நல்ல தண்ணீரை ஊற்றி எதையும் சோதித்துப் பார்க்கும் மனிதர் எங்கள் தெருவில் இல்லை. நானும் பம்ப்பைப் பொருத்தி, யோசிக்காமல் உப்புத் தண்ணீரையே தொட்டியில் நிரப்பினேன். குழாயைத் திறந்தேன். சிங்க்கின் அடியில் ஒரு முனகல் எழுந்தது. அடுத்த கணம் தண்ணீர் வந்தது. மூடினேன்; முனகல் நின்றது.

தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் நான் புறப்படவில்லை. மறுநாள் என்றேன், அடுத்த வாரம் என்றேன். சித்திரை வெயிலில் வேன் மூடிக் கிடந்தது. பிறகு ஒரு காலையில் குழாயைத் திறந்தபோது மோட்டார் முனகியது, தண்ணீர் வரவில்லை. வெகுநேரம் திறந்தே வைத்திருந்தேன். பின்னர் மகளை அழைத்து, கோழி வியாபாரியை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல் என்றேன்.

பம்ப்பைத் தூக்கிக்கொண்டு பாயிடம் போனேன். திறந்து பார்த்தவர், "உப்புத் தண்ணியா ஊத்துனீங்க?" என்றார்.

"சோதனைக்குத்தானே பாய்."

"நானும் அதைத்தான் சார் ஊத்தியிருப்பேன். பம்ப் ஓட்டிப் பாக்க நல்ல தண்ணி குடும்மான்னு கேட்டேன்னு வைங்க, எங்க வீட்டம்மா என்னையப் பிடிச்சு அந்தத் தொட்டிக்குள்ள போட்டு மூடிடும்."

இருவரும் சிரித்தோம். நீரின் கடினத்தன்மையைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்தியவன் நான். பம்ப் விற்பது அவர் தொழில். இரண்டு பேருக்கும் வீட்டுப் பழக்கமே முந்திக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்து உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தேன். இதழ்களின்மேல் வெள்ளைப் படிகங்கள், ஒன்றின் தோளில் ஒன்றாக, கூர்மையாக, ஒழுங்காக ஏறி நின்றன. எங்கள் காலடியில், பாறை இடுக்குகளில், யாரும் அறியாத காலமாகக் கிடந்த தண்ணீர் கல்லைத் துளித்துளியாகக் கரைத்து வைத்திருந்தது. என் வேனின் வெக்கையில் அது ஆவியாகி, கரைத்ததைத் திருப்பித் தந்துவிட்டுப் போயிருக்கிறது. வாடிப்பட்டியிலும் மேலூரிலும் மலையாக நிற்கும் கல்லின் ஒரு துளி பம்ப்புக்குள் மறுபடி கல்லாகி இருந்தது. அதைப் பழுது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தேன். நுரை பொங்கி அடங்கியது. பலமுறை சாற்றை மாற்றியபின் ஒவ்வோர் இதழாகப் பிரிந்தது. சவ்வைத் தடவிப் பார்த்தேன், கீறலில்லை. அழுத்தினேன், மீண்டது.

பம்ப்பை மறுபடி வேனில் பொருத்திவிட்டு, சனிக்கிழமை விடியலில் நல்ல தண்ணீர் வந்தபோது குடங்களோடு நின்றேன். எதிர்வீட்டம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன சார், வீட்ல விசேஷமா? இத்தனை குடம்?"

"வேனுக்கு."

"வேனுக்கா? நல்ல தண்ணியவா?" என் குடங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். "உங்க வேன் குடுத்து வச்சது சார்."

விற்பதற்குமுன் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது என்றுதான் கிளம்பினேன். மேலூர் தாண்டி, அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவே ஒரு கண்மாய்க் கரையில் நிறுத்தினேன். கண்ணுக்கெட்டிய வரை தட்டை வெளி. கண்மாய் நீரின்றி வெடித்துக் கிடந்தது. வேனின் பக்கக் கதவைத் திறந்து, குழாயைத் திருகினேன். அந்த வறண்ட வெளியின் நடுவே என் கைமேல் தண்ணீர் விழுந்தது. ஒரு தட்டைக் கழுவினேன். அது ஏற்கெனவே சுத்தமான தட்டு.

வரப்பு வழியே வந்த மூன்று பெண்கள் நின்றார்கள். மூத்தவர் கேட்டார்: "ஐயா, குடிக்கத் தண்ணி கிடைக்குமா?"

கையேந்திக் குடித்தவர் குழாயையே உற்றுப் பார்த்தார். "வண்டிக்குள்ள மோட்டாரு ஓடுதா? அடியே, இங்க பாருடி! நம்ம ஊரு மோட்டாரு ரிப்பேராகி எம்புட்டு நாளாச்சு, இந்த ஐயா வண்டியில வச்சுக்கிட்டுச் சுத்துறாரு."

"பஞ்சாயத்துக்காரர் வந்தா இதையும் நிப்பாட்டிருவாரு. சீக்கிரம் குடி அக்கா," என்றாள் அடுத்தவள்.

குழாய் திறந்தது, மூடியது, திறந்தது. ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து அந்த முனகல் எழுந்து பணிவோடு அடங்கியது. அதைக் கேட்டபடி நான் ஒதுங்கி நின்றேன். முகம் கழுவிய மூத்தவர் உள்ளே எட்டிப் பார்த்து, அடுப்பையும் படுக்கையையும் கண்டார்.

"வீட்டம்மா வரலையா?"

"இல்லை. இறந்துட்டாங்க."

"அய்யய்யோ. தனியாவா சுத்துறீக?"

"ஆமா," என்றேன். "தனியாத்தான்."

அந்தச் சொல்லை அதுவரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் தலையசைத்தார். சூதானமாக ஓட்டச் சொல்லிவிட்டு வரப்பில் இறங்கினார்.

அவர்கள் தொலைவில் புள்ளிகளாகும்வரை பார்த்திருந்துவிட்டு மகளை அழைத்தேன்.

"அவரை நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிடும்மா."

"ஏம்ப்பா? அடுத்த வாரம் வரச் சொல்லவா?"

"அடுத்த வாரம் நான் ஊர்ல இருக்க மாட்டேன்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று நினைத்தேன்.

"சமையல்?" என்றாள் பிறகு.

"நானே செஞ்சுக்குவேன்."

"அப்ப வயித்துவலி மாத்திரையும் எடுத்து வைக்கணும். நான் வந்து பாக்காம வண்டிய எடுக்காதீங்க."