கையை நம்பாத ஜெயசீலி சிஸ்டர்

ஜெயசீலி சிஸ்டரோடு ஷிஃப்ட் விழுந்தால் அன்றைக்கு எனக்குத் தலைவலி நிச்சயம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தை வார்டில் நானும் அவரும் பல வருடம் நர்சாகச் சேர்ந்து வேலை பார்த்தோம். அத்தனை வருடத்தில் எந்தத் தாயாவது "குழந்தை உடம்பு சூடா இருக்கு" என்று சொல்லி, அதை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை. எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பார். தொட்டுப் பார்த்தேன் என்று பதில் வரும். போச்சு, அவ்வளவுதான்.

"உங்க கை என்ன தெர்மாமீட்டரா? அந்த இரும்புக் கட்டிலைத் தொடுங்க. சில்லுன்னு இருக்கா? இப்ப மர ஸ்டூலைத் தொடுங்க. அவ்வளவு சில்லுன்னு இல்லை. ரெண்டும் ஒரே ரூம்ல கிடக்கு, ரெண்டுக்கும் ஒரே டெம்பரேச்சர்தான். இரும்பு உங்க சூட்டை வேகமா உறிஞ்சுது, மரம் மெதுவா உறிஞ்சுது. உங்க கைக்குத் தெரியறது அந்த வேகம் மட்டும்தான்."

நேற்றுத்தான் பிள்ளை பெற்றவளிடம் இந்தப் பாடம். அவள் பாவம், இரும்புக் கட்டிலையும் மர ஸ்டூலையும் மாறி மாறித் தொட்டுவிட்டு என்னைப் பார்த்து விழிப்பாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அவர் சண்டை போடாத ஆளில்லை. குழந்தையை ஈரம் போகத் துடைக்கவில்லை என்று ஆயா ரத்தினத்தோடு சண்டை; ஈரம் காயும்போது சூட்டையும் கொண்டுபோய்விடும். எடை பார்க்கும் ஸ்டீல் தட்டில் துணி விரிக்கவில்லை என்று என்னோடு சண்டை. தட்டு சூட்டைப் பிடுங்கிக்கொள்ளும். ஃபேனைப் போட்ட மாமியாரோடு சண்டை. காற்று சூட்டை அடித்துக்கொண்டு போகும். ஏ.சி. ரூமுக்கு அடுத்த சுவரோரம் தொட்டிலைப் போட்டதற்கு டாக்டர் வைத்தீஸ்வரனோடேயே சண்டை. தொட்டில் சுவரைத் தொடவில்லையே என்றார் அவர். தொடாமலேயே குழந்தையின் சூடு குளிர்ந்த சுவருக்குப் போகும், வெயில் நம்மைத் தொட்டுக்கொண்டா சுடுகிறது என்று கேட்டார் இவர். டாக்டர் தொட்டிலை நகர்த்தினார்.

வீட்டிலும் இதே கதைதான். அவர் கணவர் தேவானந்தம் ஆபீஸில் ஃபைல் பார்க்கிற சாது மனிதர். ஒரு மே மாதம் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றிருக்கிறார். உள்ளே இருந்து எடுக்கிற சூட்டை அந்த மெஷின் பின்பக்கமாக நம் வீட்டுக்குள்தான் கொட்டுகிறது, திறந்து வைத்தால் வீடு இன்னும் வேகும் என்று அரைமணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டார். சர்ச்சில் அறுப்பின் பண்டிகையில் பார்த்தபோது என்னிடம் மெல்லச் சொன்னார்: "நான் காபியைக்கூடப் பயந்து பயந்துதான் ஆத்தறேன்மா."

ஒரு வருடம் கத்திரி வெயிலில் துர்கா வந்தாள். கோவளத்துப் பக்கத்து மீனவக் குடும்பம். மாதம் முடியாமல் பிறந்த பெண் குழந்தை, ஒன்றரைக் கிலோகூடத் தேறவில்லை. மேலே இருந்து சூடு தருகிற வார்மர் எங்களிடம் இரண்டு. ஒன்று கெட்டுக் கிடந்தது, மெக்கானிக் நாளைக்கு வருகிறேன் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தான். மற்றதில் இந்தக் குழந்தையைப் போட்டிருந்தோம். அதற்குள் மூச்சுத் திணறலோடு இன்னொரு குழந்தை வந்துவிட்டது. அதைப் போட்டே ஆக வேண்டும், இதை எடுத்தே ஆக வேண்டும். வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றால் போகிற வழியிலேயே ஆறிப்போகிற உடம்பு.

அவ்வளவு சின்னக் குழந்தை ஆறிப்போனால் முதலில் பால் குடிக்காது. அப்புறம் அழாது. அப்புறம் மூச்சை மறந்துவிடும். தாயின் நெஞ்சோடு ஒட்டவைத்துக் கட்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் துர்காவுக்குப் பிரசவ ஆபரேஷனுக்குப் பிறகு கடும் ஜுரம், நினைவே சரியாக இல்லை. குழந்தையின் அப்பாவை வரச்சொல்லுங்கள் என்றார் ஜெயசீலி.

இளமாறன் ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் ஐஸ் பெட்டி வைத்து மீன் விற்கிறவன். வியாபாரத்தைப் பாதியில் போட்டுவிட்டு நேராக வந்தான். கூடவே அவன் அக்கா அங்காளம்மாள். நான் திரும்புவதற்குள் அவன் குழந்தையின் துணியைப் பிரித்து, பாதத்தைத் தொட்டுப் பார்த்து, ஃபேன் சுவிட்சையும் தட்டிவிட்டான்.

"கதகதன்னுதான் கீது சிஸ்டர். இந்த வெயில்ல இன்னாத்துக்கு இத்தினி துணி? புள்ள புழுங்கிப் பூடும்."

ஜெயசீலி ஓடிவந்து ஃபேனை நிறுத்தினார். குழந்தையின் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்து எடுத்து அவன் முகத்துக்கு நேராக நீட்டினார். இருக்க வேண்டியதைவிட நன்றாகக் கீழே நின்றது.

"இது கெட்டுப் பூட்டுகீது சிஸ்டர். நான் தொட்டுப் பாத்தேனே."

அந்த வார்த்தையை அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் ஓரடி தள்ளி நின்றேன். அவர் கத்தவில்லை. தன் கையை நீட்டினார்.

"என்னைத் தொட்டுப் பாரு. எனக்கு ஜுரமா?"

அவன் தயங்கித் தொட்டான். "ஆமா சிஸ்டர். நெருப்பா கொதிக்குது உங்களுக்கு. லீவு போடக் கூடாதா?"

"இவங்களைத் தொடு." நான் கையை நீட்டினேன்.

"இவங்களுக்கும் ஜுரந்தான்."

ஆயா ரத்தினத்துக்கும் ஜுரம். வாட்ச்மேன் சவுரிமுத்துவைக் கூப்பிட்டுத் தொடச் சொன்னார், அவனுக்கும் ஜுரம். கடைசியில் அங்காளம்மாளைத் தொட்டுவிட்டு, "அக்கா, உனுக்குமா?" என்றான் இளமாறன். அவன் குரல் இறங்கிவிட்டது.

"காலையில இருந்து கை எங்கே இருந்தது?" என்றார் ஜெயசீலி.

"ஐஸ்ல."

"ஐஸ்ல கிடந்த கைக்கு எதைத் தொட்டாலும் சூடுதான். உன் பொண்ணு ஆறிக்கிட்டே இருக்கா, நீ கதகதன்னு இருக்குங்கற. சட்டையைக் கழட்டு."

சட்டையைக் கழற்றவைக்க அன்று நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆம்பளை நெஞ்சில் பிள்ளையைக் கட்டுவதாவது, ஊர் சிரிக்கும் என்றாள் அங்காளம்மாள். மீன் வாடை அடிக்குமே என்றான் இவன். சோப்புப் போட்டுக் குளித்து வந்தபின் வேறு சந்தேகம்: "என் சூட்ட புள்ள எடுத்துக்கினா எனுக்குக் கொறஞ்சுடாதா?"

"நீ தின்னற சோறு உனக்கு மறுபடி சூடாயிடும்ப்பா. அதுக்குத் தின்னவும் தெரியலை, உடம்புல கொழுப்பும் இல்லை. உன் சூடு அதிகம், அதோட சூடு குறைச்சல். ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருந்தா அதிகமா இருக்கற இடத்துல இருந்து குறைச்சலா இருக்கற இடத்துக்குப் போகும். மேல துணியைச் சுத்திட்டா அது வெளியே போகாது. இன்னும் எப்படிச் சொல்றது கர்த்தாவே." அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படித் தோற்று உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இளமாறன் குழந்தையின் துணியில் இருந்த சந்தை விரலால் அடைத்துப் பார்த்தான்.

"அப்ப இது ஐஸ் பொட்டி கணக்குதான சிஸ்டர்?"

"என்னது?"

"பொட்டில வெளிய கீற சூட்ட உள்ள உடக் கூடாது. இங்க உள்ள கீற சூட்ட வெளிய உடக் கூடாது. சும்மா சும்மா மூடி தொறக்கக் கூடாது. சந்து இருந்தா கோணி வெச்சு அடைக்கணும். காத்து படக் கூடாது. அவ்ளோதான?"

"இதைத்தானேப்பா காலையில இருந்து நான் கத்திக்கிட்டு இருக்கேன்."

"நீங்க பொட்டின்னு சொல்லலியே சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றினான்.

தலைக்குக் குல்லா, காலுக்குச் சாக்ஸ், இடுப்பில் ஒரு துணி. அவ்வளவுதான் குழந்தைக்கு. தவளைபோல அவன் நெஞ்சில் ஒட்டவைத்து, ஒரு பழைய புடவையால் சுற்றிக் கட்டினோம். கொஞ்ச நேரம் கழித்து ஜெயசீலி தெர்மாமீட்டரை வைத்தார். கொஞ்சம் ஏறியிருந்தது. சாயங்காலத்துக்குள் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது. ஸ்பூனில் கொடுத்த பாலையும் சப்பிக் குடித்தது.

அதோடு எங்கள் நிம்மதி போயிற்று. இதுவரை வார்டில் ஒரு ஜெயசீலி; இப்போது இரண்டு. வார்டுக்குப் பக்கத்து சாமான் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு இளமாறன் அதிகாரம் செய்தான். முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று வந்த சொந்தக்காரர்களை, "மூடி தொறக்காத, போ" என்று விரட்டினான். அந்தக் கத்திரி வெயிலில் ஃபேன் இல்லாமல் வேர்த்து ஊற்றியது, அசையவில்லை. குழந்தையின் துணி நனைந்தால் உடனே மாற்று என்று ஆயாவைக் கூப்பிட்டுத் தீர்த்தான். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நீட்டியபோது, "அது சில்லுன்னு இருக்கும் சார், கைல வெச்சுச் சூடு பண்ணிட்டு வெய்யுங்க" என்றான். தெர்மாமீட்டரை வைக்கும்போது துணியை இவ்வளவு அகலமாகவா பிரிப்பது என்று ஜெயசீலியையே கேட்டான்.

"எனக்கே பாடம் எடுக்கறான் பாரு" என்று என்னிடம் வந்து புலம்பினார். எனக்கு எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது என்று சொல்ல முடியாது.

அவன் நாற்காலியை விட்டு எழுவது சாப்பிடவும் குளிக்கவும் மட்டும்தான். அந்த நேரத்துக்கு அங்காளம்மாளின் நெஞ்சில் கட்டுவோம். முதல்நாள் ஊர் சிரிக்கும் என்றவள், பிறகு கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டாள். மற்ற நேரமெல்லாம் ஜங்ஷனில் ஐஸ் பெட்டி அவள் பொறுப்பு. தம்பியால் வாடிக்கையே போச்சு என்று வருகிறபோதெல்லாம் திட்டினாள். ஆனால் உள்ளே வருமுன் வாசலில் நின்று கையை வெயிலில் காட்டிவிட்டுத்தான் வருவாள்.

துர்காவின் ஜுரம் விட்டது. எழுந்து உட்கார்ந்தாள், பால் ஊறியது. குழந்தையும் கொஞ்சம் சதை போட்டிருந்தது. இனிமேல் அம்மாவிடம் இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னதும் நாங்கள் இளமாறனின் கட்டை அவிழ்த்தோம். குழந்தை முகத்தைச் சுளித்து ஒரு குரல் அழுதது. துர்காவின் நெஞ்சில் வைத்ததும் அடங்கிவிட்டது. அவள் அதைப் பார்த்தாள், அதன் குல்லாவைப் பார்த்தாள், வேறெதையும் பார்க்கவில்லை.

இளமாறன் அறையின் மறுகோடியில், அங்காளம்மாள் அப்போதுதான் போட்டுவிட்ட ஃபேனுக்குக் கீழே நின்றான். நெஞ்செல்லாம் வேர்வை. குழந்தை கிடந்த இடம் மட்டும் சிவந்திருந்தது. இரண்டு கையையும் குறுக்கே கட்டி அந்த இடத்தை மூடிக்கொண்டான்.

"இன்னா சிஸ்டர் இது, நெஞ்சு சில்லுன்னு கீது. வெளிய வெயில் கொளுத்துது, எனுக்குக் குளுருது." அவன் கண் நிறைந்துவிட்டது.

ஏன் என்று யாருக்கும் புரியும்.

"வேர்வை காயுதுப்பா" என்றார் ஜெயசீலி. "காயும்போது தோல்ல இருக்கற சூட்டையும் எடுத்துக்கிட்டுப் போகும். வேற ஒண்ணுமில்லை."

கையிலிருந்த ட்ரேயை அவர்மேல் வீசலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. இந்த நேரத்திலுமா பாடம், இந்த மனுஷிக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா என்று வாய்வரை வந்துவிட்டது.

அவர் போய் ஃபேனை நிறுத்தினார். ஆணியில் தொங்கிய அவன் சட்டையை எடுத்துவந்து அவன் தோளில் போர்த்தி, அதன்மேல் தன் கையை வைத்தார். தெர்மாமீட்டர் பாக்கெட்டிலேயே இருந்தது.

"இன்னா சிஸ்டரம்மா, இந்த வேக்காட்டுல ஃபேன நிறுத்திட்டியே, வேவுது" என்றாள் அங்காளம்மாள்.

"கொஞ்ச நேரம் வேகட்டும்க்கா" என்றார் ஜெயசீலி, கையை எடுக்காமல்.